அக்காவின் இடது கன்னம்

உச்சி வெயிலில் ஒருவன் ஃப்ளாஷும் கையுமாக நின்றால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அக்காவுக்கும் வந்தது.

"சூரியனுக்கே டார்ச் அடிக்கிறியா டா? உன்னை நம்பி கல்யாணத்தை ஒப்படைக்கிறாங்களே, அவங்களைச் சொல்லணும்."

தம்பி ஸ்டாண்டின் காலில் மணல் பையைக் கட்டினான். இருபத்திரண்டு வருடமாக போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறவன். இந்த வெயிலில் சும்மா எடுத்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுத்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா? சூரியன் முதுகில் படும்படி அக்காவைத் திருப்பி நிறுத்தி, முகத்துக்கு ஃப்ளாஷ் வெளிச்சம் கொடுக்க ஏற்பாடு செய்தான். சாயங்காலம் என்றால் இந்தப் பாடே இல்லை. ஆனால் நாலு மணிக்கு அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். மறுநாள் காலை ஆபரேஷன். இடது தாடைக்குள் இருக்கும் கட்டி வெளியே பார்த்தால் தெரியாது. அதை எடுக்கும்போது எலும்போடு கன்னத்திலும் பாதி போய்விடும். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். முகத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

படம் வேண்டும் என்று கேட்டது அக்காதான். கணக்கு டீச்சர். யார் போனைத் தூக்கினாலும் கையால் முகத்தை மூடிக்கொள்கிற ரகம். கல்யாண ஆல்பத்தில் இருப்பது இருபத்து நாலு வயதுப் பெண்; அவளுக்கும் இவளுக்கும் தூரம் அதிகம். ஊரில் உள்ள முகத்தையெல்லாம் எடுத்த தம்பிக்குச் சொந்த அக்காவின் முகத்தை எடுக்க மட்டும் இத்தனை வருடம் நேரம் வாய்க்கவில்லை.

விடுமுறை என்பதால் பள்ளிக்கூட மைதானம் காலியாக இருந்தது. முதல் பத்துப் படத்திலும் அக்காவின் உள்ளங்கை இடது கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கையை எடுக்கா."

"நானா வைக்கிறேன்? அதுவா போகுது டா."

அப்போது ஃப்ளாஷ் நின்றுபோனது. ஷட்டரை எவ்வளவு வேகமாக வைத்தாலும் ஈடுகொடுக்கிற புது ஃப்ளாஷ் அது. அப்படி வேலை வாங்கினால் சீக்கிரம் சூடேறும், அந்த வெயிலில் கேட்கவே வேண்டாம். தம்பி பையிலிருந்து பழைய ஃப்ளாஷை எடுத்து மாட்டினான். அதற்கு அவ்வளவு வேகம் ஆகாது. ஷட்டரைக் குறைக்காவிட்டால் படத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் வெளிச்சம் விழும், மறுபக்கம் இருண்டுவிடும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்துகொள்கிற பாடம்.

மாட்டும்போது விரல் தவறிப் பட்டு ஃப்ளாஷ் அவன் மூஞ்சியிலேயே அடித்தது. அவன் துள்ளிக் குதித்தான்.

"ஐயோ, போட்டோக்காரனே கண்ணை மூடிட்டானே!"

அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். கை தானாகக் கீழே இறங்கியது. ஷட்டராவது, வேகமாவது! கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து முப்பது படம் எடுத்துத் தள்ளினான்.

"காட்டு டா, பாப்போம்."

அங்கேதான் அவனுடைய கொள்கை குறுக்கே வந்தது. கேமராவின் பின்பக்கத் திரையில் யாருக்கும் படம் காட்ட மாட்டான். அரைவேக்காட்டை அடுத்தவர் கண்ணில் காட்டுவது தொழிலுக்கு இழுக்கு என்பான். அந்த வெயிலில் அவனுக்கே திரை சரியாகத் தெரியவில்லை.

"எனக்குக் கூடவா?"

"உனக்குத்தான் முக்கியமா காட்ட மாட்டேன். நீ கண் முழிக்கும்போது பிரேம் போட்டுப் பக்கத்துல வச்சிருப்பேன்."

அக்கா நிழலுக்கு வந்து மறுபடியும் கையை நீட்டினாள். அவன் கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டான்.

மறுநாள் அக்காவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகு, வராந்தா பெஞ்சில் அக்காவின் கணவரான மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். முப்பது படத்திலும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது படத்திலும் நெற்றியிலிருந்து தாடைவரை இடது பக்கம் இருட்டாக இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். புள்ளிபுள்ளியாக ஏதோ வந்ததே தவிரக் கன்னம் வரவில்லை. எழுந்து ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை போனான். தட்டி என்ன சொல்வது? திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நல்லா வந்திருக்கா மாப்ள?" என்று மாமா கேட்டார்.

"வந்திருக்கு மாமா."

மூன்று வாரம் கழித்துப் படத்தைக் கொண்டுபோனான். முகத்தின் வலது பக்கத்தைப் பிரதி எடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டிச் சரிசெய்திருந்தான். நான்கு நாள் வேலை. தொழில் தெரிந்தவன்கூடக் கண்டுபிடிக்க மாட்டான்.

அக்கா கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சு குழறினாலும் வீட்டு மனிதர்களுக்குப் புரிந்தது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பிரேம் கண்ணாடியின் மேல் இடது கன்னத்தில் விரலை வைத்தாள்.

"நான் சிரிச்சா வலது பக்கம் மட்டும்தானே டா குழி விழும்?"

ஃப்ளாஷ் மாற்றியது, ஷட்டரை மறந்தது, ஒட்டுவேலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகள் விளக்கும்போது கேட்பதைப் போல அக்கா குறுக்கிடாமல் கேட்டாள்.

"அன்னைக்கே காட்டுன்னு கேட்டேனே."

"கேட்டக்கா."

இரண்டு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டக்கூட இல்லை.

"கண்ணாடி பாத்தா இப்ப இருக்கறதுதான் தெரியுது. முன்னாடி இருந்தது எனக்கே மறந்துட்டு வருது. நீயாவது சொல்லு டா. அந்தக் கன்னம் எப்படி இருந்துச்சு?"

பிறந்ததிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவன். தம்பி வாயைத் திறந்தான். தேடித் தேடிப் பார்த்தும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.

"அந்தப் பக்கம்... குழி விழாதுக்கா" என்றான். அதற்குமேல் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.