சிவப்பு ஆள்

1996. கல்முனைச் சந்தையடியில் புதிதாய் நட்ட பாதசாரிக் கடவை விளக்கை மக்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று பத்து நாள் பார்த்து எழுதும் வேலை அபூசாலிக்கு. இன்று கடைசி நாள்.

படிவத்தில் மூன்று கட்டம்: விளக்கைப் பார்த்து நின்றவர், மற்றவரைப் பார்த்து நடந்தவர், பாராமலே பாய்ந்தவர். நாலாவது கட்டத்தை அவரே கோடு போட்டுச் சேர்த்திருந்தார். அடையாள அட்டையை எடுத்தவர்!

"சபியா உம்மா, இப்ப எதுக்கு ஐசிய எடுத்தீங்க?" தினமும் சந்தைக்கு வரும் கிழவியை அபூசாலி கேட்டார்.

"சிவப்பா ஒரு ஆள் நிக்கானே மனே."

"அது விளக்கு உம்மா!"

"ஓம், இண்டைக்கு விளக்கு. நாளைக்கு ஆமிக்காரன் துவக்கோட நிண்டா?"

அபூசாலி வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் அவருக்குச் சிரிக்க ஆளில்லை. மனைவி நபீஸா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம். ரேடியோவைப் பாட விட்டால்தான் சோறு இறங்கும்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாள்: 'இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவா, வரவா? வெள்ளி நாலு மணிக்கு எடுப்பன். சொல்லுங்க.' எதிர்ப்பக்கம் முகம்மது தம்பியின் கடைக்குத்தான் அழைப்பு வரும். அவள் எஜமானி விடுவது ஐந்தே நிமிடம்.

'வா' என்ற ஒரு சொல். அதை நாலு நாளாய்ச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

இன்று வெள்ளி. மூன்று ஐம்பத்தெட்டு. டிரிங்!

அபூசாலி பாய்ந்து எழுந்தார். தெரு விளிம்புக்கு வந்தார். சிவப்பு!

கால் நின்றது. கை சட்டைப் பைக்குள் போனது. அட்டை வெளியே வந்து நெஞ்சுக்கு நேரே நின்றது. இரண்டு பக்கமும் சனம் பாராமலே பாய்ந்தது. முகம்மது தம்பி கடை வாசலில் கைகாட்டிக் கத்தினார்: "காக்கா, ஓடி வாங்க!"

பச்சை வந்தது. அபூசாலி அசையவில்லை. யாராவது அட்டையை வாங்கிப் பார்த்து, 'போ' என்று சொல்ல வேண்டுமே! மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை.

முழங்கையில் ஒரு இடி. சபியா உம்மா. "போங்க மனே, விளக்குத்தானே."

ஓடினார். ரிசீவர் தாங்கியில் கிடந்தது.

"இப்பதான் வெச்சாங்க காக்கா. 'அவரு வரல்லயெண்டா எனக்கு விளங்குது, நான் இங்கயே இருக்கனெண்டு சொல்லுங்க' எண்டாங்க." முகம்மது தம்பி அவர் கையைப் பார்த்தார். "அதென்ன, ஐசிய எடுத்து வெச்சிருக்கீங்க?"

அபூசாலி அட்டையைப் பைக்குள் வைத்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில், அது இன்னொரு தடவை அடிக்கும் என்பதுபோல, உட்கார்ந்துகொண்டார்.