இரண்டு நாள் வலி

“எத்தனை நாளா இந்த வலி?” என்று அந்தத் தனியார் மருத்துவமனை டாக்டர் என்னிடம்தான் கேட்டார். அத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். கேள்வி என்றாலே எனக்குப் பேச்சு வராது. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று மட்டும் வாய் திறந்தது.

“ஒரு வருஷமா.”

மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிக்கல் கார்டு எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பே இருந்த நோய் என்று சொல்லி, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்ட மறுத்துவிட்டது. ஓர் ஊசி போட்டு எங்களை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள், அந்தக் கார்டை எங்களுக்கு விற்ற ஏஜெண்ட் ஹாரிஸ் ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு வந்தார்.

“ரெண்டு நாள்னு சொல்லியிருக்கணும்லா. எல்லா வீட்லயும் சொல்லிக் குடுப்பேன், மாமா. ஒங்க மக வாயே திறக்காதுன்னு நெனச்சு விட்டுட்டேன்.”

அத்தா சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கார்டு விற்க வந்த அன்றே, வயிறு வலிக்கிறது என்று அத்தா இவரிடம் சொன்னார். “நாள் முழுக்க கடையில நின்னு ரொட்டி போடுறவருக்கு வயிறு வலிக்காதா? அதெல்லாம் நோயில்ல, மாமா” என்று, விண்ணப்பத்தில் ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டவர் இவர். “கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நம்பர் கூப்பிடுறதுக்குள்ள ஆளே போயிடும்” என்று பயமுறுத்தியவரும் இவர்தான். பொய்யை எழுதியவர் அவர். குற்றவாளி நான்.

“அப்பீல் போட்டிருக்கேன். முடிவு வர்ற வரைக்கும் எந்த டாக்டர் கேட்டாலும் ரெண்டு நாள்தான், மாமா. கம்பெனி எல்லா ரெக்கார்டும் கேட்டு வாங்கும்.”

அடுத்த வாரம் மறுபடி வலி. கெஞ்சிக் கூத்தாடி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்த இளம் டாக்டர், எத்தனை நாளாக வலி என்று தமிழிலேயே கேட்டார்.

“ரெண்டு நாள்தான், டாக்டர்,” என்றார் அத்தா.

டாக்டர் வாயு மாத்திரை எழுதத் தொடங்கினார். அங்கே யாரும் கார்டு கேட்கவில்லை. எந்தக் கம்பெனியும் நடுவில் உட்கார்ந்திருக்கவில்லை. இருந்தும் தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளிடம் அத்தா பொய் சொன்னார். இந்தப் பயத்தைத்தானா மாதாமாதம் காசு கொடுத்து வாங்கினோம்?

“ஒரு வருஷம், டாக்டர்,” என்றேன். “பதினோரு கிலோ எளச்சிட்டாரு. கறுப்பா வெளிக்குப் போகுது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “உள்ள ரத்தம் கசியலாம், அங்கிள். இன்னைக்கே வார்டுல சேரணும்.” படிவத்தை அத்தாவின் பக்கம் நகர்த்தினார்.

அத்தா அதைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்த கார்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, கம்பெனி அனுப்பிய உளவாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“கையெழுத்துப் போடுங்க, அத்தா.”

எழுந்தார். கதவைத் திறந்து, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.