கார்ல் எழுதிய ஐம்பத்தொன்பது மணி நேரம்

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை, வானத்தில் இல்லாத விமானம் முதல் முறையாகக் கேட்டபோது, சாலை எட்டாத ஆற்றங்கரை ஊரான மெரிக் துறையின் விமானச் சரக்குக் கொட்டகையில் நான்கு பேர் இருந்தார்கள். நிலையப் பொறுப்பாளர் வாசிலி ரேடியோ மேசைக்குப் பின்னால் இருந்தார். தபால்கார தெரேசா தன் பைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். விமானி ஒலிங்கா அலெக்ஸி, வேறு நாற்காலி இல்லாததால், எடைத்தராசின் மேல் உட்கார்ந்து காய்ந்த சால்மனைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தாள். முள் நூற்று நாற்பத்தொரு பவுண்டு காட்டியது. இன்னொரு விமானியான கார்ல் ஹாம்ஸ்ட்ரா உட்காரவில்லை. டயப்பர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றான். தலைக்கு மேல் கேட்டது கார்ல் விமானம் ஓட்டும் சத்தம்.

எங்கள் ஊரில் எந்த விமானம் என்பதை மட்டுமல்ல, யார் ஓட்டுகிறார் என்பதையும் காதாலேயே சொல்லிவிடுவார்கள். ஒலிங்கா ஆற்று வளைவு தாண்டும்வரை வேகத்தைக் குறைக்கமாட்டாள். கார்ல் வளைவுக்கு முன்பே குறைத்துவிடுவான், பிறகு பயந்துபோய்க் கொஞ்சம் கூட்டுவான். அந்தக் குறைப்பும் பயமும் கூட்டலும் பிசகாமல் மேலே போய் வட்டமடித்துத் திரும்பி வந்தன. ஓடுதளத்தில் சரளைக்கல் நெரிந்தது. இன்ஜின் இருமி நின்றது. வெளியே பார்த்தால், கார்லின் விமானம் காலையிலிருந்து நின்ற இடத்திலேயே பாதிச் சரக்கோடு நின்றது.

"கார்லு, நீ இங்கதான இருக்க?" என்றார் வாசிலி.

"இங்கதான்ணே இருக்கேன்."

"அப்ப வந்து எறங்குனது யாரு?"

"கேப்டன் ஆயிட்டாருல்ல, இனிமே ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருப்பாரு," என்றாள் ஒலிங்கா, மீனை மென்றபடியே. வாசிலி கடிகாரத்தைப் பார்த்து, 'வருகை 10.31, சரக்கு இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார். இன்ஜின் சத்தம் எது கேட்டாலும் எழுதிவைப்பது அவர் வேலை.

கார்ல் கேப்டன் ஆன கதையைச் சொல்லவேண்டும். எங்கள் நிறுவனத்தில் விமானத்தின் முன்னாலுள்ள விசிறி சுற்ற ஆரம்பித்து நிற்கும் வரைக்கும்தான் விமானிக்குக் கூலி, மணிக்கு நாற்பத்தொரு டாலர். விடியுமுன் எழுந்து இன்ஜினுக்குச் சூடு காட்டுவதும், இறக்கையில் பிடித்த உறைபனியைச் சுரண்டுவதும், நாய்த்தீனி, சோடாப் பெட்டி, யாரோ வாங்கிய சோபா எல்லாவற்றையும் முதுகில் ஏற்றி முதுகில் இறக்குவதும் சும்மா செய்வது. மூடுபனி விழுந்தால் அந்த நாளுக்கு ஒன்றும் கிடையாது. கடையில் ஒரு கேலன் பால் பதினான்கு டாலர் விற்றது. அதனால் மூடுபனி நாட்களில் விமானிகள் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவினார்கள். தொலைதூர டூலூத்தில் இருந்த தன் மனைவி ரெனேட்டாவிடம் கார்ல் இதைச் சொன்னதில்லை. ஆயிரத்து இருநூறு மணி நேரம் பறந்தவருக்கு இரட்டை இன்ஜின் விமானத்தில் இடது பக்க இருக்கை, அதாவது கேப்டன் இருக்கை, கிடைக்கும். மாதச் சம்பளம், குடும்பத்தோடு இருக்க வீடு. அக்டோபர் முதல் தேதி ஓர் இருக்கை காலியாகப்போவது எல்லோருக்கும் தெரியும். அன்று ஒலிங்காவின் பறப்புப் புத்தகத்தில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று மணி இருந்தது. கார்லின் புத்தகத்தில் சரியாக ஆயிரத்து இருநூறு இருந்தது. இருக்கை கார்லுக்குப் போனது; நவம்பரில் போய் உட்காரவேண்டும்.

அதில் ஐம்பத்தொன்பது மணி நேரம் அவன் பறக்காதது. பத்தொன்பது மூடுபனி நாட்களில், தட்டுக் கழுவிவிட்டு வந்து, கை ஈரம் காயுமுன் நாற்பத்து நான்கு பயணங்களை மையால் எழுதியிருந்தான். சம்பளம் போடுகிறவர்களும் இருக்கை கொடுக்கிறவர்களும் நகரத்தில் ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடியில் இருந்தார்கள். ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடியின் தாளைப் பார்ப்பதில்லை. இந்தப் பயணங்களுக்குக் கார்ல் கூலி கேட்கவில்லை. பணம் எடுக்காததால் திருட்டு ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தான்.

மூன்றாம் நாள் சத்தம் வந்து நின்றதும் வாசிலி முதல் சத்தத்திலிருந்து கடைசிச் சத்தம்வரை நேரத்தைக் கூட்டி, விமானிகள் மணியைப் பத்தாகப் பிரித்துச் சொல்லும் கணக்கிலேயே, "ஒண்ணு புள்ளி நாலு" என்றார். கார்லுக்குக் காது மடல் சுட்டது. அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தான். ஜூலை மூடுபனியில் அவன் எழுதிய முதல் மூன்று வரிகள்: ஒன்று புள்ளி மூன்று, புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி நான்கு. மூன்று நாளும் சத்தம் வந்த வரிசையும் அதுதான்.

அதன்பிறகு வானம் தெளிந்த நாளெல்லாம் அது வந்தது. சத்தம் கேட்டால் ஓடுதளத்துக்குப் போவது ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். நாலு சக்கர பைக்குகளில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் வந்து சரளையில் நிற்பார்கள். கைக்குழந்தைக்குப் பால்மாவுக்குக் காத்திருந்தவள் வந்தாள். சலவை இயந்திரத்துக்குப் பெல்ட் கேட்டு எழுதியிருந்த இவான் மோசஸ் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒன்றும் வரவில்லை என்று கார்ல் சொன்னால், "சத்தம் வந்துச்சேப்பா" என்று கோபமில்லாமல் சொல்லிவிட்டு, வெறும் சரளையை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவார். யாரும் கார்லைத் திட்டவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து சத்தம் கேட்டதும் அவன் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். தெரேசா அவனுக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்தாள். அதையும் வாங்கி விழுங்கினான்.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி, ஒலிங்காவின் விமானத்தில் இருவரும் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது கார்ல் அவளிடம் சொன்னான். முழுதும் சொல்லிவிட்டு, "அது பறந்துகிட்டுதான இருக்கு ஒலிங்கா? நான் எழுதுனதெல்லாம் இப்ப உண்மையாயிடுதுல்ல?" என்றான்.

"ஓட்டுறது யாரு?"

கார்ல் அடுப்பின் காலைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

"எனக்கு ஏழு மணி நேரம் கொறைஞ்சுது. ஏழு. ஒரு வாரம் வானம் தெளிஞ்சிருந்தா போதும். நீ தட்டுக் கழுவுனியே, பக்கத்துல நின்னு தொடைச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா கேப்டன் ஐயா?"

"யார்கிட்டயாவது சொல்லப்போறியா?"

"ஊருக்கே கேக்குது. நான் வேற வாயத் தொறக்கணுமாக்கும்," என்று அடுப்பைக் கயிற்றால் இறுக்கினாள். "அந்தப் பக்கம் புடி."

கார்ல் கடிதத்தை மூன்று முறை எழுதினான். முதல் இரண்டில் கூலியைப் பற்றியும் மூடுபனியைப் பற்றியும் எழுதியிருந்தான்; கிழித்துப்போட்டான். மூன்றாவது ஒரே பக்கம். தலைமை விமானிக்கு. நாற்பத்து நான்கு வரிகளின் தேதியும் நேரமும், இவை எதிலும் தான் பறக்கவில்லை என்பதும், அந்த இருக்கை ஒலிங்கா அலெக்ஸிக்குச் சேரவேண்டியது என்பதும். பொய்ப் பறப்பு எழுதினால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். வயது முப்பத்தாறு.

மறுநாள் காலை அதைத் தெரேசாவிடம் கொண்டுபோனான். அவள் எடை போட்டு, தபால் தலை ஒட்டி, முத்திரை குத்தினாள். குத்தின சத்தம் கேட்டதும் அவன் கை தானாகக் கடிதத்தின் மேல் போனது.

"அக்கா, இன்னிக்கு வேணாம். திங்கக்கிழம அனுப்பிக்கலாம்."

"முத்திர குத்துனா அப்பறம் அது தபால், உன்னோடது இல்ல தம்பி. கைய எடு."

"இன்னிக்குத்தான் நகரத்து விமானம் கெடையாதே."

"வந்து நிக்குதே, கேக்கல?"

கேட்டது. ஓடுதளத்தில் இன்ஜின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. அதுவரை ஒருநாளும் அது அப்படிக் காத்திருந்ததில்லை. தெரேசா பையின் வாயைக் கட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"யாரோட விமானம்னு கேக்காத. உன்னோடதுதான். கொண்டுபோய் ஏத்து."

அவன் வெளியே வந்தான். இவான் மோசஸும் மற்றவர்களும் பைக்குகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரளையில் ஓரிடத்தில் மட்டும் தூசி பின்னோக்கி அடித்தது. அவன் நேராக நடந்தபோது கொட்டகை வாசலிலிருந்து வாசிலி கத்தினார்: "முன்னால போகாதடா, விசிறி சுத்துது! பின்பக்கமா சுத்திப் போ!"

கார்ல் பின்பக்கமாகச் சுற்றிப் போனான். சரக்குக் கதவு எந்த உயரத்தில் இருக்கும் என்பது அவன் தோளுக்குத் தெரியும். பையை அந்த உயரத்துக்குத் தூக்கி உள்ளே தள்ளினான்; அது கீழே விழவில்லை. சத்தம் உயர்ந்தது, சரளை நெரிந்தது, ஆற்று வளைவின் மேல் அது சிறுத்துப் போகும்வரை எல்லோரும் நின்றார்கள். வாசிலி பதிவேட்டைத் திறந்து, 'புறப்பாடு 10.42, தபால் பை ஒன்று, நான்கு பவுண்டு' என்று எழுதினார். விமானி பெயர் எழுதும் கட்டத்தில், யாரையும் கேட்காமல், ஒரு கோடு போட்டார்.