மஸ்கட்காரர் மாட்டிக்கொண்ட குகை

ஹபீபாவுக்குக் குகை மேல் ஒரு ஆசையும் கிடையாது. பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறி நிற்கிற ஆள் அவள். ஆனால் குகைக்குள் செல்போன் எடுக்காது என்று கணவர் ஜபருல்லா சொன்ன அந்த நிமிஷமே, தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

காரணம் இருக்கிறது. ஜபருல்லா மஸ்கட்டில் வேலை பார்க்கிறவர். லீவில் வந்தால் சொந்த ஊரான லப்பைக்குடிக்காடு சும்மா விடுமா? மாமு வீட்டில் நெய்ச்சோறு, சாச்சா வீட்டில் பிரியாணி, அதற்குப் பக்கத்து வீட்டில் இடியாப்பமும் பாயாவும். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டை விட்டுவிட்டால் அவ்வளவுதான், சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். விருந்து முடிவதற்குள் லீவு முடிந்துவிடும். அவள் கேட்க நினைத்தது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். 'திரும்பிப் போகாம இங்கேயே இருந்துடுங்களேன்.' கேட்க வேண்டியது இவ்வளவுதான். இந்தத் தடவையாவது கேட்டே தீருவது, இல்லாவிட்டால் தலை நரைத்த பிறகுதான் குடித்தனம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

மஸ்கட்டில் லீவு நாளில் கூட்டாளிகளோடு மலைக்குகைகளுக்குள் போய்ப் பழகி, ஜபருல்லாவுக்கு அது பைத்தியமாகவே பிடித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் மற்றவர்கள் சென்ட்டும் போர்வையும் கொண்டுவருவார்கள். இந்த மனுஷர் கொண்டுவந்தது இரண்டு ஹெல்மெட், நெற்றியில் மாட்டுகிற லைட், முழங்காலுக்குக் கட்டுகிற பேடு. என் பிள்ளை கிணறு வெட்டப் போகிறானா என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காலையில் பைக்கில் கிளம்பினார்கள். பெரம்பலூரில் பெரியம்மா வீட்டில் சலாம் மட்டும் சொல்லிவிட்டு வருவதாகத்தான் பேச்சு. சலாம் சொல்ல உட்கார்ந்தவர் முன்னால் தட்டு வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? இறைச்சியும் தால்ச்சாவும் மூக்குப் பிடிக்க இறங்கின. ஹபீபா வயிற்று வலி என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

வேப்பந்தட்டை தாண்டி, மலை அடிவாரத்தில் பூவரசன் நின்றிருந்தார். அவரும் ஜபருல்லாவோடு மஸ்கட்டில் இருந்தவர், இப்போது ஊரில் மக்காச்சோளம் போடுகிறார். பெரிய பெரிய பாறைகள் சரிந்து ஒன்றின் மேல் ஒன்று கிடந்ததில் உண்டான குகை அது. வெளியே எப்போதும் ஒரு ஆள் இருக்கணும், அதுதான் முதல் பாடம் என்று சொல்லி, பூவரசனை வாசலில் உட்கார வைத்தார் ஜபருல்லா. ஹபீபாவின் முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டி, தாடை வாரை இழுத்துப் பார்த்தார். ஒரு கையை நகர்த்தும்போது மற்ற கையும் இரண்டு காலும் பாறையில் இருக்கணும், அவசரமே கூடாது என்றார்.

பிஸ்மி சொல்லி உள்ளே நுழைந்தாள். நாலு எட்டு போனதுமே வெயில் போன இடம் தெரியவில்லை. பாறை ஜில்லென்று இருந்தது. வௌவால் ஒன்று பறந்தபோது அவள் போட்ட சத்தம் அவளுக்கே திரும்பக் கேட்டது, கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நல்லாத்தான் இருக்கு என்று பட்டது.

ஓரிடத்தில் வழி குறுகியது. பயந்தால் காலைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம் என்று அவளை முன்னால் அனுப்பினார். அவள் மண்புழு மாதிரி நெளிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். பின்னால் வந்த ஜபருல்லா தோள் வரைக்கும் வந்தார், நெஞ்சு வரைக்கும் வந்தார், அதோடு நின்றுபோனார். ஊர் பூரா ஊட்டி வளர்த்த வயிறு பாறையில் வசமாக மாட்டிக்கொண்டது.

பயப்பட வேண்டாம் என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னார். மாட்டிக்கொண்டது யார், ஆறுதல் யாருக்கு? ஹபீபா அவர் முகத்துக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இந்த மனுஷர் எழுந்து போக முடியாத ஒரே இடம் இது, விட்டால் கிடைக்காது.

"ஒண்ணு கேக்கணும்."

"வெளிய போய்ப் பேசிக்கலாம் ஹபீபா."

"வெளிய போனா உங்க அக்கா வூட்டு விருந்து. இங்கேயே சொல்லுங்க. மறுபடியும் போகத்தான் போறீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போகல. வேலைய விட்டுட்டுத்தான் வந்தேன்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். கட்டினவளிடம் சொல்ல இத்தனை வீட்டுச் சோறு தின்ன வேண்டியிருந்ததா? அவர் மெல்ல மெல்லச் சொன்னார். எந்த வீட்டிலும் அடுத்த கரண்டி சோற்றோடு, எப்போது பயணம் என்ற கேள்வியும் வந்ததாம். வெளிநாட்டுக்காரனுக்கு நல்ல துண்டாகப் பார்த்து வைக்கிறார்கள், வேலையில்லாதவனுக்கு யார் வைப்பார்கள்? பூவரசனோடு சேர்ந்து, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் குகைக்குக் கூட்டிவரலாம் என்று ஒரு யோசனையாம். கேட்டால் ஊர் சிரிக்கும், உன் முகமும் மாறிடுமோன்னு பயந்துட்டேன் என்றார்.

ஹபீபாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சேறு அப்பிய அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாறியிருக்கா, பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். நெஞ்சு தாழ்ந்ததைக் கண்டதும் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள். சட்டைப் பொத்தான்கள் தெறிக்க, மனுஷர் வந்த வழியே வழுக்கிப் போனார். அவளும் சிரித்துக்கொண்டே பின்னால் ஊர்ந்தாள். சத்தம் கேட்டு, அழுகிறார்களோ என்று பயந்துபோய்ப் பூவரசன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து நிற்பதற்குள் அவர் போன் அடித்தது. அவர் கையெல்லாம் சேறு, ஹபீபாதான் தன் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நாத்தனார்தான். ராத்திரிக்குப் பிரியாணிக்கு அரிசி ஊற வைக்கிறாராம், தம்பிக்கு டிக்கெட் என்றைக்கு என்று தெரிந்தால் இன்னொரு விருந்தும் வைத்துவிடலாமாம். ஜபருல்லா ஹபீபாவைப் பார்த்தார்.

"பிரியாணி வேணாம் மதினி. டிக்கெட்டும் கிடையாது. இவங்க இனிமே இங்கதான் இருக்கப் போறாங்க."

ஜபருல்லா பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நேத்து வச்ச ரசந்தான் இருக்கு" என்றார் அக்கா. "அது போதும்ல அவனுக்கு?"