சிமரன் ஆற்றில் மூன்று நாள் வெள்ளம்

1954 பிப்ரவரியில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை டெக்சஸிலிருந்து கான்சஸுக்கு மாடு ஓட்ட வைத்தேன். மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது. பள்ளி மைதானம்தான் பாதை. அதை நான்கு முறை சுற்றினால் ஒரு மைல். காலை இடைவேளையில் ஆளுக்கு இரண்டு சுற்று. இருபத்து மூன்று பேர் நடந்ததைக் கூட்டினால் பதினோரு மைலுக்கு மேல் வரும். உண்மையான மந்தையும் ஒரு நாளில் ஏறக்குறைய அவ்வளவுதான் நகரும். டெக்சஸின் சான் அன்டோனியோவிலிருந்து, அந்தக் காலத்தில் மாடுகளை ரயிலேற்றிய கான்சஸ் ஊரான அபிலீனுக்கு எண்ணூறு மைல். சுவரில் மாட்டிய வரைபடத்தில் தினமும் ஒரு குண்டூசியை நகர்த்துவோம்.

கௌபாய் என்றாலே துப்பாக்கிச் சண்டை என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் சேணத்தில் உட்கார்ந்து புழுதி தின்பதுதான் அந்த வாழ்க்கை என்று அவர்களுக்குச் சொல்ல நினைத்தேன். என் அப்பா பதினாறு வயதில் அந்தப் பாதையில் நிஜமாகவே மாடு ஓட்டி வந்தவர். வாரா வாரம் சீட்டுப் போட்டு வேலை பிரிப்போம். மந்தைக்கு முன்னே இரண்டு பேர், பக்கத்தில் சிலர், வாலில் மூன்று பேர். வாலில் போகிறவர்கள் பின்தங்கும் மாடுகளை விட்டுவிடாமல் ஓட்டிவர வேண்டும். முன்னால் போகும் அத்தனை குளம்புகளின் புழுதியும் அவர்கள் மூக்கில்தான் ஏறும். அந்தச் சீட்டு வந்தால் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும்.

இருபத்து நான்காவது பிள்ளை டெல்மர் கிரேபில். ஐந்து வயதில் போலியோ வந்து, இடது காலில் தொடை வரை இரும்புப் பட்டை போட்டிருந்தான். அவனுக்கு நான் சீட்டே போடவில்லை. நீதான் சமையல்காரன் என்று சொல்லி, மைதானத்து ஓரம் இருந்த பெரிய எல்ம் மரத்தடியில் ஒரு தள்ளுவண்டியோடு உட்கார வைத்தேன். சுற்றி முடித்து வருகிறவர்களுக்குச் சோள ரொட்டித் துண்டும் தண்ணீரும் கொடுப்பான். மாட்டுப் பாதையில் சமையல்காரனுக்குத்தான் மரியாதை அதிகம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அவனுக்கு வாய் ஜாஸ்தி. ராய்ஸ் என்று ஒரு பையன். அவர்கள் வீட்டில் நிஜமாகவே நூறு மாடு உண்டு, அந்தத் திமிர் கொஞ்சம் இருக்கும். "சமையல்காரரே, காப்பி எங்க?" என்று அதட்டிக்கொண்டே வருவான்.

"மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. எது மாடு, எது ஆளுன்னே தெரியல" என்பான் டெல்மர்.

அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்றுதான் நான் நம்பினேன்.

ஏப்ரலில் ஊசி ஐந்நூறு மைலைத் தாண்டி, வாஷிட்டா ஆற்றின் அருகே நின்றது. அன்று ட்வைலா கை தூக்கினாள். எதையும் அடிவரை கேட்காமல் விடாத பெண். போகிற வழியில் பசு கன்று போட்டால் என்ன செய்வார்கள், பிறந்த கன்றால் பன்னிரண்டு மைல் நடக்க முடியாதே என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறப்பதற்கு முன் என் கண் டெல்மரிடம் போய்விட்டது. ஒரு நொடிதான். பிறகு, கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள் என்று சொன்னேன். ட்வைலா திருப்தியாக உட்கார்ந்தாள். நான் கணக்குப் பாடத்துக்குத் தாவினேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் எல்லோரும் போனார்கள். டெல்மர் போகவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"கன்னுக்குட்டிய வண்டியில ஏத்துவாங்கன்னு வீட்ல சொன்னேன் டீச்சர். எங்கப்பா சிரிச்சாரு. காலையில எழுந்ததும் சுட்டுப் போட்டுட்டுப் போயிருவாங்கன்னு சொன்னாரு. எது நெஜம்?"

அவன் அப்பா ரயிலடியில் தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவர். வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"உங்கப்பா சொன்னதுதான் நெஜம்" என்றேன். "வண்டியில ஏத்தினவங்களும் இருந்தாங்க. ரொம்பக் கொஞ்சம் பேரு."

யார் சுடுவது என்று கேட்டான். மந்தையில் யார் வயதில் சின்னவனோ அவனிடம்தான் அந்த வேலையைத் தள்ளுவார்கள் என்றேன். 1871இல் எங்கள் அப்பாவிடம் தள்ளினார்கள். எனக்கு முப்பது வயதானபோது, தொழுவத்தில் பால் கறந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கு முன்பும் பின்பும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அதையும் டெல்மரிடம் சொன்னேன்.

"தாய்ப் பசு?"

"கன்னு கெடந்த எடத்துக்குத் திரும்பி ஓடப் பாக்கும். கட்டிப் போட்டு வப்பாங்க. ரெண்டு மூணு நாள் கத்தும்."

அவன் குனிந்தான். பட்டையின் வார் ஒன்றை இழுத்து விட்டுக்கொண்டான்.

"ட்வைலா கேட்டப்ப நீங்க என்னைப் பாத்தீங்க."

"ஆமா."

"நான் கன்னுக்குட்டி இல்ல டீச்சர்."

"எனக்குத் தெரியும்டா."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா பாத்திருக்க மாட்டீங்க."

அதற்குள் முப்பத்து மூன்று வருஷம் பாடம் எடுத்திருந்தேன். எத்தனையோ பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்திருந்தேன். அன்று நான் கேட்டேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டி கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வாலில் போகிறேன் என்றான்.

திங்கட்கிழமை வகுப்பில் உண்மையைச் சொன்னேன். நான் முதலில் சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன். எங்கள் வீட்டில் அப்படி இல்லை, தாயில்லாத கன்றுக்குப் புட்டிப்பால் கொடுப்போம் என்று ராய்ஸ் சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. இடைவேளை மணி அடித்ததும் டெல்மர் கைக்குட்டையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு வாலில் போய் நின்றான்.

முதல் சுற்றிலேயே சிக்கல் வந்தது. முன்னால் போனவர்கள் இரண்டு சுற்று முடித்தபோது டெல்மர் பாதிச் சுற்றில்தான் இருந்தான். வாலில் அவனோடு போன ட்வைலா அங்கிருந்தே கத்தினாள். வால் வந்து சேராமல் மந்தை வந்ததாகக் கணக்கில்லை என்றாள். விவாதம் வகுப்பறை வரை வந்தது. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்தே போவது, அதனால் இடைவேளைக்கு ஒரு சுற்றுதான் ஆகும், முடிந்த நாளில் மதியமும் ஒன்று என்று முடிவானது. நான் வாயே திறக்கவில்லை.

ராய்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். "இப்படிப் போனா கிறிஸ்துமஸுக்குத்தான் அபிலீன் போய்ச் சேருவோம்."

"உனக்கு அபிலீன்ல அப்படி என்ன வேல?" என்றான் டெல்மர். வகுப்பே சிரித்தது.

பத்து நாள் போல ஆகியிருக்கும். பள்ளி விட்ட நேரம் அவன் அம்மா ஈடித் வந்தார். கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பட்டையின் தோல் உரசி, முட்டிக்குக் கீழே புண் ஆகியிருக்கிறது என்றார். நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

"நடக்க வேணாம்னு சொல்ல வரல டீச்சர். வலிக்குதுன்னு அவனே சொல்லல, சாக்ஸ்ல ரத்தத்தப் பாத்துதான் கண்டுபிடிச்சேன். உள்ள ஃபிளானல் துணி வச்சுத் தச்சிருக்கேன். ஆனா புண்ணு ஆறணும். ரெண்டு மூணு நாள் அவன உக்கார வைங்க. நான் சொன்னா கேக்க மாட்டான்."

நான் சொன்னாலும் கேட்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். வகுப்பையே நடக்காமல் நிறுத்தி வைத்தால் அவனுக்காகத்தான் என்பது அவனுக்குப் புரிந்துவிடும். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் வந்தேன். இடைவேளைக்கு முன் டெல்மர் எழுந்து நிற்கும்போது பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன். நான் மட்டும் பார்க்கவில்லை.

அந்த வாரம் முன்னால் போகும் சீட்டு ராய்ஸுக்கு விழுந்திருந்தது. அவன் வரைபடத்தின் அருகே போனான். ஊசியை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்:

"சிமரன் ஆத்துல வெள்ளம். தண்ணி கழுத்து வரைக்கும் ஓடுது. மூணு நாளைக்கு ஒரு பயலும் தாண்ட முடியாது."

யாரோ ஒருவன் மழையே பெய்யவில்லையே என்று ஆரம்பித்தான். ட்வைலா அவன் விலாவில் இடித்தாள்.

டெல்மர் ராய்ஸைப் பார்த்தான். ராய்ஸ் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல்பக்கம் எங்கயாச்சும் பெஞ்சிருக்கும்" என்றான் டெல்மர் கடைசியில். உட்கார்ந்துகொண்டான்.

ஆறு வற்றும் வரை மந்தைக்காரர்கள் கரையில் காத்துக் கிடந்தது உண்மைதான். அந்த மூன்று நாளும் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போடப் பழகினார்கள், மாட்டுக்குப் போடும் சூட்டுக் குறிகளை வரைந்தார்கள், மாடுகள் மிரளாமலிருக்க முணுமுணுக்கும் மெட்டுகளைத் தப்பும் தவறுமாகப் பாடினார்கள். நான்காம் நாள் டெல்மர் ஃபிளானல் வைத்த பட்டையோடு வந்தான். வெள்ளம் வடிந்துவிட்டது என்று ராய்ஸ் அறிவித்தான்.

மே மாதக் கடைசி வகுப்பன்று அபிலீனுக்கு இன்னும் நாற்பத்தெட்டு மைல் பாக்கி இருந்தது. புத்தகங்களைக் கட்டினோம், மேசைகளைத் துடைத்தோம், கை குலுக்கிப் பிரிந்தோம். முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை காலை ட்வைலா என் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். எல்லோரும் மைதானத்தில் இருக்கிறார்கள், நான் இல்லாமல் கணக்கை யார் எழுதுவது என்று கேட்டாள்.

பாக்கி மைலைத் தீர்க்க ஆளுக்கு எட்டுச் சுற்று. நான் போனபோது ஒரு சுற்று முடிந்திருந்தது. ஈடித் ஒரு வாளி எலுமிச்சைச் சாறோடு மரத்தடியில் இருந்தார். காற்று மண்ணை அள்ளி வீசியது. அன்று வாலில் போனவர்களுக்கு நிஜப் புழுதியே கிடைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது முடிந்ததும் டெல்மர் மரத்தில் சாய்ந்துகொண்டு பட்டையின் வார்களைத் தளர்த்தினான். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு அவ்வளவுதான்" என்றான். அவன் கழுத்திலிருந்து கைக்குட்டையை அவிழ்த்து என்னிடம் நீட்டினான். "மிச்சம் மூணையும் நீங்க நடங்க டீச்சர். மெதுவாப் போங்க, வால்ல அவசரப்படக் கூடாது."

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. போட்டிருந்தது சர்ச்சுக்குப் போடும் நல்ல செருப்பு. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இருபத்து மூன்று பிள்ளைகளுக்குப் பின்னால் புழுதியில் மூன்று சுற்று நடந்தேன். இரண்டாவது சுற்றில் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. முன்னால் போன ராய்ஸ் திரும்பிப் பார்த்து நடையைக் குறைத்தான், எல்லோரும் குறைத்தார்கள்.

மூன்றாவது சுற்று முடித்து, அபிலீனை எட்டி, நாங்கள் மரத்தடிக்கு வந்தபோது டெல்மர் அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று ஈடித் கையால் சைகை காட்டினார். பிள்ளைகள் கத்தாமல், ஒருவர் பின் ஒருவராக வந்து, அவனைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்தார்கள்.