பார்வதி மாமி பலகை பார்த்த கதை

மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அறுபத்து நான்காம் வருஷம் ஜூலை மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெரியப்பாவுக்கு ஒலவக்கோட்டில் மரக்கடை இருந்தது. அவ்வளவுதான் என் தகுதி. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டைப் அடிப்பவனுக்கு, வாய் பேசுவதற்கு அதுவே தாராளம்.

அப்போது நான் மாட்டுங்காவில் பார்வதி மாமியின் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழைய கட்டடத்தின் முதல் மாடி. தரை முழுக்க மரப்பலகை. கட்டிய காலத்தில் போட்ட பலகைகள் சுருங்கி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தன. நாங்கள் பதினைந்து பேர், இரண்டு பந்தி. இலையை எடுத்ததும் மாமி தண்ணீர் தெளித்துக் கையால் எச்சில் மெழுகுவார். மெழுகாத இடத்தில் அடுத்த இலை விழாது. அந்தத் தண்ணீரில் பாதி இடைவெளி வழியாகக் கீழ் வீட்டுக்குப் போய்விடும்.

கீழ் வீட்டில் இருந்தவர் தாம்லே மாஸ்தர். மராத்திப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். பேப்பர் மேல் சொட்டினால் முறைப்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் போன வருஷம் கணபதி பண்டிகையன்று சொட்டு சரியாக மோதகத் தட்டில் விழுந்துவிட்டது. பிள்ளையாருக்கு வைத்த நைவேத்தியத்தில் எச்சில் ஜலம்! கேட்டதும் மாமியே காதைப் பொத்திக்கொண்டார்.

"அடுத்த கணபதிக்குள் தரை சரியாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லி மெஸ்ஸை மூட வைப்பேன்" என்று மாஸ்தர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் அதற்குத்தான் காத்திருந்தார். பழைய வாடகைக்கு இருப்பவர்களைக் கிளப்ப அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். மாமிக்கு மெஸ்ஸை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. எங்களுக்கு வேறு சோறு இல்லை.

"ஜலம் தொடாம, உலர்ந்த துணியால தொடச்சுட்டா என்ன மாமி?" என்று ஒரு புது ஆள் கேட்டான். மாமி பார்த்த பார்வையில் அவன் இரண்டாம் முறை மோர் கேட்கவே இல்லை.

ஆக, புதுத் தரைதான் வழி. எந்தப் பலகை? இதில்தான் எனக்கும் அதே மெஸ்ஸில் சாப்பிடும் பஞ்சுவுக்கும் சண்டை மூண்டது. பஞ்சுவுக்குப் பிளைவுட் கம்பெனி ஒன்றில் வேலை. மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தண்ணீருக்கு அசையாத பசையில் ஒட்டி, மேல் தகடு மட்டும் தேக்காக வைத்த பலகை அவன் கம்பெனியில் வந்திருந்தது.

"மாமி, அதுக்குப் பேரு மரம் இல்லை, அப்பளக்கட்டு. மூஞ்சி மட்டும் தேக்கு. பர்மா தேக்கு ஒரே பலகையா வாங்கிப் போடுங்கோ, நூறு வருஷம் கிடக்கும்" என்றேன்.

"இப்ப கிடக்கறதும் ஒரே பலகைதான். அது சுருங்கினதாலதானே இத்தனை பாடு?" என்றான் பஞ்சு.

ஒரு வாரம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இதுதான் பேச்சு. மெஸ் இரண்டு கட்சியாகிவிட்டது. மாமி இரண்டு பக்கமும் பேசவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஆளுக்கு ஒரு பலகை கொண்டு வாங்கோ. இங்கேயே கிடக்கட்டும். கிட்டு, நீ பஞ்சுவோட பலகை மேல இலை போட்டுச் சாப்பிடு. பஞ்சு உன் தேக்கு மேல சாப்பிடட்டும். மூணு வாரம். ரெண்டையும் நான்தான் மெழுகப்போறேன்."

அவரவர் பலகைக்கு அவரவர் செல்லம் கொடுக்கக் கூடாதென்றுதான் மாற்றி உட்கார வைத்தார். எதிரியின் பலகையை என் கையில் ஒப்படைக்கிறோமே என்று அவர் யோசிக்கவில்லை என்று நினைத்தேன்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் நாளே கை தவறியது போல ரசத்தைக் கவிழ்த்தேன். மறுநாள் மோர். வெள்ளிக்கிழமை பாயசம் கிடைத்தது, அதையும் விட்டுவைக்கவில்லை. வெளியே மழை கொட்டியது, உள்ளே நான் கொட்டினேன். பஞ்சு பரம சாது. பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு எழுந்துபோவான்.

மூன்றாவது வாரம் பஞ்சுவின் இலையில் விட்ட ரசம் தானாக ஓடிப் பக்கத்து இலைக்குப் போனது. என் பர்மா தேக்கு ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு முறுக்கி நின்றது. நான் அபிஷேகம் செய்த பலகை மட்டம் மாறாமல் அப்படியே கிடந்தது.

தரை போட வந்த மிஸ்திரி இரண்டையும் புரட்டிப் பார்த்தார். நன்றாக உலர்ந்த பழைய தேக்காக இருந்தால் தாங்கியிருக்கும், இது காயாத மரம் என்றார். "ஒரே மரமென்றால் தண்ணீர் குடித்துவிட்டு இஷ்டத்துக்குத் திரும்பும். இதில் ஒரு தகடு திரும்பப் பார்த்தால் அடுத்த தகடு குறுக்கே நின்று விடாது" என்று விளக்கினார். நான் பெரியப்பாவின் பேச்சை எடுக்கவில்லை.

மனசு கேட்காமல் அன்று மாமியிடம் போய் உண்மையைச் சொன்னேன். மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தினம் தொடைக்கறவளுக்குத் தெரியாதாடா? நான் வெறும் ஜலம்தான் விட்டிருப்பேன். நீ ரசம், மோர், பாயசம்னு ஒண்ணு பாக்கியில்லாம விட்டே. அத்தனைக்கும் அசையாம கிடந்துதே, அதனாலதான் எனக்கு அதுமேல நம்பிக்கை வந்தது."

பஞ்சுவின் பலகையே வந்தது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் காடிப் பள்ளத்துக்குள் இறங்கி, இடையில் நூல்கூட நுழையாமல் பொருந்தியது. பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு வேலை முடிந்தது. மூன்று நாளும் கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நல்லதா கெட்டதா என்று புரியாமல் தவித்தோம்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று எங்களுக்கு விடுமுறை. மாமி கொழுக்கட்டையும் பாயசமும் செய்திருந்தார். முதல் பந்தி உட்கார்ந்து பருப்பு விழும் நேரத்தில் தாம்லே மாஸ்தர் வாசலில் வந்து நின்றார். மாமியின் கையில் நெய்க் கரண்டி நின்றுவிட்டது.

"தண்ணீர் நின்றுவிட்டது, சரி" என்றார் மாஸ்தர் அவருடைய பம்பாய் இந்தியில். "வாசனையும் நின்றுவிட்டதே! பதினொரு வருஷமாக உங்கள் சாம்பார் வாசனை இறங்கினால்தான் எனக்குப் பசிக்கும். மூன்று நாளாக எப்போது சாப்பிடுவதென்றே தெரியவில்லை. இன்றைக்கு என்ன சமையல்?"

மனிதர் நிஜமாகவே குறைபட்டுக்கொண்டுதான் கேட்டார். மாமி நெய்க் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "கிட்டு, மாஸ்தருக்கு ஒரு எலை போடு" என்றார்.

மாஸ்தர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மூன்று முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். பாயசத்தை இலையில் விடச் சொல்லி வழித்தார். கை கழுவிவிட்டு வந்தபோது மாமி அவர் இலையை எடுத்துவிட்டு, செம்பு ஜலத்தைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்தர் முகம் மாறியது. அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழேதான் அவருடைய பிள்ளையார். இப்போது எச்சில் அவருடையது.

"நில்லுங்கள், நில்லுங்கள்!" என்று கத்திக்கொண்டே, அறுபத்தைந்து வயது மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினார். மாமி நிறுத்தவில்லை. நிதானமாக மெழுகி முடித்துவிட்டு, ஈரக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினைந்து பேரும் மூச்சு விடாமல் நின்றோம். பஞ்சு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பலகை ஜெயிக்க வேண்டுமென்று அவனைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"சூக்கா ஹை, பாயி! மோதகம் சூக்கா ஹை!"

உலர்ந்திருக்கிறது, அம்மா என்கிறார். சொட்டு விழவில்லை. மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "என்ன மரம் மாதிரி நின்னுண்டிருக்கேள்? ரெண்டாம் பந்திக்கு எலை போடுங்கோ" என்றார்.