லெந்து நாளில் ஆட்டீரல்

முப்பத்தெட்டாம் வருஷம். என் தங்கை யூனிஸுக்கு ஆறாம் மாதம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பிச்சாட்டூரிலிருந்து சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா அவள் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தாளில் ஒற்றி, சிவப்புச் சிவப்பாக நிறம் போட்ட அட்டையோடு வைத்துப் பார்த்தார். இருப்பதிலேயே வெளிறிய நிறம்தான் ஒத்துப்போனது.

"ரத்தச் சத்து நூறு இருக்க வேண்டியது முப்பதுதான் இருக்குது. தினம் ஆட்டீரல், முட்டை, கீரை குடுங்க. இப்படியே உட்டா பிரசவத்துல தாங்க மாட்டா."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஆனால் அவள் புருஷன் அசரியா எங்கள் சபையில் போதகருக்கு அடுத்தபடியான உபதேசியார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான லெந்து தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஈஸ்டர்வரை எங்கள் சபையில் யாரும் கவுச்சி தொடுவதில்லை.

"ஈஸ்டர் ஆவட்டும் அக்கா. உபதேசியார் வூட்ல ஈரல் வேவுதுன்னா சபை என்னா பேசும்?" என்றார் அசரியா.

"சபையா புள்ள பெறப் போவுது?" என்றேன்.

மறுநாள் என் வீட்டில் ஈரலை மிளகு போட்டு வறுத்து, முந்தானையில் மறைத்து எடுத்துப் போனேன். யூனிஸ் விரலை நக்கி நக்கித் தின்றாள். "இன்னும் இருக்குதாக்கா?" என்றாள். நாலு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் அசரியாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டியிருந்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன். பாவி, அவள் முன்னால் முழங்கால் போட்டு அழுதார்.

"என்னால அவருக்கு அவமானம் வேணாக்கா. இன்னும் நாலு வாரம்தானே" என்று கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் வாயைப் பிளந்து ஊட்டியிருக்க வேண்டாமா? எனக்கும் உள்ளூரச் சபையை நினைத்துப் பயம்தான்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்க, குருத்தோலை ஞாயிறன்று குறைமாதத்திலேயே வலி கண்டது. மற்றப் பெண்கள் எழுந்து நடமாடிவிடுகிற அளவுக்குத்தான் உதிரம் போனது. அதைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளையும் தங்கவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர், "நோவிலும் விரதம் காத்த விசுவாசி" என்றார். நான் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

"காக்கல ஐயா! நாலு நாள் ஈரல் துன்னா. இன்னும் வேணும்னு கேட்டுக்கினு இருந்தா. நாமதான் குடுக்கல!"

சபை முழுவதும் திரும்பியது. அசரியா தலையைத் தூக்காமலே, "உக்காருங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

நானும் உட்கார்ந்துவிட்டேன்.